முதுகில் இரண்டு தட்டு

படகில் முன்னால் இடப்பக்கம் என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் நான். வலப்பக்கம் மருமகன், அவர் பின்னால் என் மகள். எங்களுக்கும் பின்னால் மாட்டுங்காவிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி, ஆளுக்கு ஒரு பக்கம். கடைசியில் காலை ஊன்றிக்கொண்டு, படகை நடத்துகிறவர். அந்த ஊர் மராட்டிக்காரர். முப்பது வயதிருக்கும். பெரிய மீசை.

ரப்பர் படகு. கோலாடு என்கிற ஊர்ப் பக்கம், குண்டலிகா ஆறு. மகள் கூட்டிக்கொண்டு போனாள்.

என் வீட்டுக்காரருக்குக் காது போய் நாலு வருஷம். தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கிற கார்கானாவில் இருவருக்கும் வேலை. அவர் மெஷின் வாயில் டப்பாக்களைப் போடுவார். நான் பின்னால் நின்று தரம் பிரித்துக் கொடுப்பேன். அந்த மெஷின்தான் காதைத் தின்றது. இப்போது வலது காதில் வாயை வைத்துச் சொன்னால் கொஞ்சம் விழும்.

காது போன பிறகு எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போங்க" என்பார். கோயில் கொடை, சொந்தக்காரர் வீட்டு விசேஷம், எல்லாவற்றுக்கும் அதே பதில். மகள் கல்யாணத்துக்கு வந்தார். வந்து சமையல்காரர்களோடு பின்னால் நின்றுகொண்டார். யாராவது பேசி, தான் வேறு பதில் சொல்லிவிடுவோமோ என்று பயம். மகள் மாலையும் கழுத்துமாகத் தேடினாள். அது அவளுக்கு ஆறவில்லை.

இந்த ஆற்றுக்கும் முதலில் "நீங்க போங்க" என்றுதான் சொன்னார். அவள் அவர் காதில் வாயை வைத்தாள்.

"எப்பா, அங்க தண்ணி எரைச்சல்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்காது. எல்லாரும் உங்கள மாதிரிதான் இருப்பாங்க."

 அவர் எழுந்து போய்ப் பனியனைத் துவைத்துக் காயப் போட்டார். வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அணையில் காலையில் தண்ணீர் திறந்த பிறகுதான் அந்த ஆற்றில் படகு விடுவார்கள். கரையில் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் மாட்டிவிட்டார்கள். ஆற்றுக்கும் வகுப்பு உண்டாம். ஒன்று என்றால் குளம் மாதிரி. ஆறாம் வகுப்பு என்றால் படகு விடத் தெரிந்தவனே யோசிப்பான். இது இரண்டு, சில இடத்தில் மூன்று என்றார் மீசைக்காரர். நான் படித்ததும் மூன்றாவதுதான். சரி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஹிந்தியில் பாடம் நடத்தினார். ஃபார்வர்ட் என்றால் முன்னால் தள்ளு. பேக் என்றால் பின்னால். ஸ்டாப் என்றால் துடுப்பை எடு. டவுன் என்றால் உள்ளே குனிந்து உட்கார். எல்லோரும் செய்தோம். என் வீட்டுக்காரர் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் பிந்திச் செய்தார். மீசைக்காரர் கவனித்துவிட்டார்.

"காகாவுக்குக் கேட்காதா?" என்று மகளிடம் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். சொல் கேட்காத ஆளை இந்தப் படகில் ஏற்ற முடியாது, கீழே தண்ணீர் அசையாத இடத்தில் வயசானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேறு படகு இருக்கிறது, அதில் போகட்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. உயிர் விஷயம்.

என் வீட்டுக்காரருக்கு முகத்தைப் பார்த்தே விளங்கிவிட்டது. ஹெல்மெட் வாரில் கை வைத்தார்.

"நீங்க போங்க," என்றார்.

மகள் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இன்றைக்கு இவர் கரையில் நின்றால் இனி எங்கேயும் வரமாட்டார். அது எனக்குத் தெரியும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மீசைக்காரரிடம் போனேன்.

"பையா, ஹம் போலேகா. ஹாத் ஸே." நான் கையால் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

கார்கானாவில் மெஷின் ஓடும்போது காது நல்லா இருக்கிறவனுக்கும் எதுவும் கேட்காது. மெஷின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவும் கூடாது. அதனால் பின்னால் நிற்கிறவர் முன்னால் இருக்கிறவர் முதுகில் தட்டிச் சொல்வார். இரண்டு தட்டு, ஓட்டு. ஒரு தட்டு, நிறுத்து. கையை விரித்து முதுகில் அப்படியே வைத்தால், வேலை முடிந்தது, வீட்டுக்குப் போவோம்.

மெஷினுக்குப் பின்னோட்டம் கிடையாது. பேக் என்பதற்கு ஜாக்கெட் காலரை இழுப்பது என்றும், டவுன் என்பதற்கு ஹெல்மெட்டை அமுக்குவது என்றும் வைத்துக்கொண்டோம். மீசைக்காரர் என் வீட்டுக்காரரைத் திரும்பி நிற்கவைத்துக் கத்தினார். நான் தட்டினேன். அவர் கரையில் நின்று துடுப்பால் காற்றைத் துழாவினார். ஒன்றும் தவறவில்லை.

மாட்டுங்கா அம்மா தன் புருஷனைக் காட்டி, "இவருக்கு ரெண்டு காதும் நன்னா கேக்கும். ஒரு சொல் கேக்கமாட்டார். இவரையும் முதுகுல தட்டிப் பாக்கணும்," என்றார்.

"நீ தட்டாத நாள் உண்டா?" என்றார் அவர்.

மீசைக்காரர் சிரித்துவிட்டார். "சலோ. காகா ஆகே, காகி பீச்சே." அவர் முன்னால், நான் பின்னால்.

முதல் இறக்கத்தில் ஒரு குறையும் இல்லை. தாண்டியதும் மீசைக்காரர் விரல் நீட்டி எங்களை எண்ணினார். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு அப்படி எண்ணுவது அவர்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய இறக்கம் நடுவில் வந்தது. படகு மூக்கைக் கீழே குத்தியது. எதிரே தண்ணீர் சுவர் மாதிரி எழுந்தது.  ஒரு கையில் துடுப்பு. மற்றக் கையால் பிடிக்க அவர் முதுகுதான் இருந்தது. விரித்து வைத்தேன்.

அவர் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கையைத் தட்டித் துடைத்தார். வேலை முடிந்தால் அப்படித்தான் செய்வார்.

மருமகன் பக்கம் மட்டும் தள்ள, படகு திரும்பிவிட்டது. மீசைக்காரர் "ஃபார்வர்ட், காகா, ஃபார்வர்ட்" என்று தொண்டை கிழியக் கத்தினார். கையை எடுத்துத் தட்ட எனக்குத் தைரியம் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டே இறங்கினோம். தண்ணீர் தலைக்கு மேல் போய்விட்டு வந்தது. ஒருவரும் விழவில்லை.

"க்யா ஹுவா காகா?" என்ன ஆச்சு என்று மீசைக்காரர் கையை விரித்துக் கேட்டார்.

அவர் என்னைக் காட்டினார். "வீட்டுக்குப் போவோம்னு சொன்னா. அதான் வச்சிட்டேன்."

"நடு ஆத்துலயா?" என்று மகள் அவர் காதில் கத்தினாள்.

"உங்கம்மைக்கு ஆறுன்னு உண்டா, கொளம்னு உண்டா. சொன்னா கேட்டுக்கிடணும்."

மகள் அதை மீசைக்காரருக்கு ஹிந்தியில் சொன்னாள். படகே ஆடும்படி சிரித்தார்கள். அவரும் வாய் விட்டுச் சிரித்தார். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ரொம்ப நாளாகிவிட்டது.

பிறகு வந்ததெல்லாம் சின்ன இறக்கங்கள். என் கை இரண்டு தட்டு, ஒரு தட்டு என்று ஒழுங்காக வேலை செய்தது. பயம் வந்தால் என் ஜாக்கெட் வாரைப் பிடித்துக்கொண்டேன், அவர் முதுகில் கையை விரிக்கவில்லை.

கடைசி இறக்கம் முடிந்து தண்ணீர் சமமானது. மீசைக்காரர் விரல் நீட்டி எங்களை எண்ணி, "சே," என்றார். சே என்றால் ஆறு பேர்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். உட்காரச் சொல்லித் தட்டினேன். அவர் உட்காரவில்லை. மருமகன் ஹெல்மெட்டில் ஒரு தட்டு. மகள் தலையில் கை கொஞ்சம் நின்றது. மாட்டுங்காக்காரர் இருவருக்கும் ஆளுக்கு ஒன்று. மீசைக்காரர் எண்ணும்போது தன்னைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. இவர் ஆடுகிற படகில் தடுமாறி நடந்துபோய் அவர் தலையிலும் ஒன்று வைத்தார். தன் தலையில் ஒன்று. என்னிடம் வந்தார். என் தலையில் தட்டவில்லை. முதுகில் கையை விரித்து வைத்தார்.

"ஏழு," என்றார்.