ஒரே மாட்டுக்கு இரண்டு விடுதலை

நிவித்திகல பஜாரில் புண்ணாக்குக் கடை வைத்திருந்த பஞ்சவர்ணத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. மழைக்காலத்தில் மாட்டை வெட்டவெளியில் கட்டிவிட்டு, "பால் கொறஞ்சிருச்சுங்க, என்ன குடுக்கலாம்?" என்று கேட்டு யாராவது கடைப்படி ஏறினால் தொலைந்தான். "மொதல்ல ஒந்தலைக்கு மேல இருக்கிற தகரத்தைப் புடுங்கி அது தலைக்கு மேல போடு. அப்புறமா வா!" என்று கத்துவாள். பஸ் நிலையம் வரைக்கும் கேட்கும். புருஷன் செத்து இருபது வருஷம் ஆகியும் அந்தக் கடை அவள் கையில் இருந்ததற்குக் காரணமே அந்தக் குரல்தான்.

ஊரில் ஜீவகாருண்ய சங்கம் தொடங்கியபோது, மாடு தெரிந்த ஆள் ஒருத்தராவது வேண்டும் என்று அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து நம்பிக்கைப் பொறுப்பாளர்களில் அவளும் ஒருத்தி. சம்பளமில்லாத வேலை. தலைவர் ராமச்சந்திரன், ஹார்ட்வெயார் கடைக்காரர். பஜாரில் எந்தப் போட்டோவிலும் நடுவில் நிற்கிற மனிதர். சங்கத்தின் பெரிய காரியம் புத்தருக்கு உரிய வெசாக் பௌர்ணமி அன்று நடக்கும். அறுக்கப் போகிற ஒரு மாட்டை யாராவது புண்ணியத்துக்கு வாங்கிக் கொடுப்பார்கள். பந்தலில் வைத்து மாலை போட்டு அதற்கு விடுதலை கொடுத்து, ஓர் ஏழைக் குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள். விற்கமாட்டேன், அறுக்கக் கொடுக்கமாட்டேன் என்று அந்தக் குடும்பம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மற்ற நாலு பொறுப்பாளர்களும் அந்த மாடுகளை அதற்குப் பிறகு போட்டோவில்தான் பார்த்தார்கள். பஞ்சவர்ணம் ஒருத்திதான் மாதம் ஒருதடவை கடையைச் சாத்திவிட்டு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வருவாள். கொட்டில் ஒழுகுகிறதா, தண்ணீர் இருக்கிறதா, குளம்பு அழுகியிருக்கிறதா என்று பார்த்துத் திட்ட வேண்டியவர்களைத் திட்டுவாள்.

இரண்டாயிரத்து நாலு வெசாக்கில் விடுதலையான சிவப்புப் பசு மருதாயிக்குக் கிடைத்தது. பஜாரிலிருந்து மூன்று மைல் மேலே தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்தில் இருக்கிறவள் மருதாயி. கொழுந்து பறிக்கிறவள், புருஷன் இல்லாதவள். "லயத்து ஆளுக்கு மாடா? ரெண்டே மாசத்துல வித்துத் தின்னுருவா" என்று ராமச்சந்திரன் சொன்னார். அவளுக்காகப் பிணை எழுதிக் கையெழுத்துப் போட்டது பஞ்சவர்ணம்தான். மருதாயி அந்த மாட்டை வளர்த்த விதத்தைப் பார்த்துப் பஞ்சவர்ணத்துக்கே ஒரு குறையும் சொல்ல வாய் வரவில்லை. தைப்பொங்கல் கழிந்து அது ஒரு கன்றும் போட்டது. காலைப் பாலை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற டிவிசன் பிள்ளை மடுவத்துக்குக் கொடுத்தாள். இந்தப் பெண் நம் பேரைக் காப்பாற்றிவிட்டாள் என்று பஞ்சவர்ணம் மனம் குளிர்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் வெசாக் திங்கட்கிழமை வந்தது. அதற்கு இரண்டு நாள் முந்தி, சனிக்கிழமை சாயங்காலம், ராமச்சந்திரன் அவசரக் கூட்டம் போட்டார்.

"அன்னிக்கே சொன்னேன், கேட்டீங்களா? மருதாயி மாட்டை வித்துட்டா. எறச்சிக்கடை ஸஹாப்தீனோட மாடறுக்கிற மடுவத்துக்கு."

மருதாயி கன்றை வைத்துக்கொண்டு தாயை விற்றுவிட்டாளாம். யாரோ பார்த்தார்களாம். பொலிஸுக்கு ஒரு முறைப்பாடு, தோட்டத்து ஒபிஸுக்கு அதன் பிரதி, இரண்டும் தயாராக டைப் அடித்து இருந்தன. பஞ்சவர்ணத்துக்குத் தலைக்குள் கொதித்தது. பிணை போட்டவள் அவள். நாலு பேர் முன்னால் அவள் முகத்தில் கரி. கையெழுத்துப் போட்ட வேகத்தில் பேனா முனை காகிதத்தைக் கிழித்தது. "தோட்டத்துக் காகிதத்தை எங்கிட்டக் குடுங்க. நானே கொண்டுபோறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லயத்தில் எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரம். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தொடங்கிவிட்டாள்.

"ஏய் மருதாயி! வெளிய வா! மாட்டைத் தின்னுட்டியா, இல்ல இன்னும் மிச்சம் இருக்கா?"

மருதாயி ஈரக் கையோடு வெளியே வந்தாள். "என்னங்க மொதலாளியம்மா? நீங்கதானே ஊசி போடணும்னு ஆள் அனுப்பினீங்க? வெள்ளிக்கெழம காத்தமுத்து வந்து லொறியில ஏத்திட்டுப் போனாரு. ரெண்டு நாள்ல கொண்டாந்து விடுறேன்னாரு."

காத்தமுத்து ராமச்சந்திரனின் லொறிச் சாரதி. நேற்றுக் கூட்டத்தில் ஓரமாக நின்று, அந்தத் தோட்டத்துப் பக்கம் போய் மாசக் கணக்காச்சு என்று சொன்னவன்.

"பொய்யி! நாக்குக் கூசலையா ஒனக்கு? ஒன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்! நன்றி கெட்ட சென்மம்!"

நாலு லயத்து ஆட்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மருதாயி இரண்டு முறை வாயைத் திறந்தாள், இரண்டு முறையும் பஞ்சவர்ணம் விடவில்லை. கொட்டிலில் கன்று தொண்டை கட்டிப்போன குரலில் கத்திக்கொண்டே இருந்தது. அதையும் அவள் கேட்டாள், கேட்டும் அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. சத்தம் கேட்டு வந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் காகிதத்தை நீட்டினாள். அவர் வாசித்துவிட்டு, "இது தீர்ற வரைக்கும் இவளுக்கு வேலை இல்லைங்க. பெரிய தொரைகிட்டப் போனா பேரையே வெட்டிருவாரு" என்றார். பேர் வெட்டினால் அவள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். அதைக் கேட்ட பிறகும் பஞ்சவர்ணம் ஆட்டோவில் ஏறினாள் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

இறங்கி வருகிற வழியில் ஸஹாப்தீனையும் விடக்கூடாது என்று அவர் வீட்டு வாசலில் நின்று கத்தினாள். அவர் நிதானமாகச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

"நான் அறுக்கிற ஆள்தான் அக்கா. அத நான் ஒளிச்சதில்ல. ஆனா வெசாக் கெழமையில மடுவம் பூட்டு, கடையும் பூட்டு. இந்த நேரத்துல மாட்டை வாங்கி நான் என்ன செய்ய, புல்லுப் போட்டு வளக்கவா? போய் ஒங்கட தலைவர்ட்டக் கேளுங்க."

இது சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வெசாக்குக்கு இறைச்சிக் கடை பூட்டியிருப்பதைப் பிறந்த நாள் முதல் பார்க்கிறவள் பஞ்சவர்ணம். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. அன்றைக்கு அவள் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பந்தலில் சனம் நிறைந்திருந்தது. அந்த வருஷம் மாட்டுக்குக் காசு கொடுத்தவர் இரத்தினபுரியிலிருந்து வந்த மாணிக்கக்கல் முதலாளி, வயசான சிங்கள மனிதர். செத்துப்போன அம்மாவின் பேரில் புண்ணியம் செய்கிறார். விடுதலையான மாட்டைத் தூரத்து எம்பிலிப்பிட்டியவில் தன் வயல்காரனுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. இரண்டு வருஷத்துக்கு முந்தி, மடுவத்திலிருந்து வந்த மாடு மேளச் சத்தத்தில் மிரண்டு பந்தல் காலைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருந்தது. இந்த முறை வந்த மாடு சாமி மாதிரி நின்றது. சிவப்பு மாடு. கழுத்து மறைய மாலை. இடது காதுக்குக் கீழே கட்டைவிரல் அளவு வெள்ளை. மாதாமாதம் மருதாயியின் கொட்டிலில் பஞ்சவர்ணம் பார்த்த அதே வெள்ளை.

பஞ்சவர்ணம் நாற்காலியை விட்டு எழுந்தாள். மடி பானை மாதிரி வீங்கி, காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக ஒருத்தரும் கறக்கவில்லை. படுபாவி! புது மாடு வாங்கக் கொடுத்த காசை விழுங்கிவிட்டுப் பழைய மாட்டையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். மாட்டைப் போட்டோவில் மட்டும் பார்த்த மனிதனுக்கு எல்லா மாடும் ஒரே மாடுதானே. மற்றவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம், அந்த ஓநாயாவது அழுததோடு நின்றது.

அவள் மேடையிலிருந்து இறங்கி, மாட்டின் பக்கத்தில் குந்தி, காம்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். பால் சர்ரென்று ராமச்சந்திரனின் வெள்ளை வேட்டியில் அடித்தது.

"அறுக்கப் போன மாட்டுக்கு மடி நெறையப் பாலாங்க தலைவரே? கன்னு எங்க?"

ராமச்சந்திரன் ஒரு கணம் வெளிறினார். ஒரே கணம்தான். பிறகு மைக்கைப் பிடித்துச் சிங்களத்தில், "பாருங்கள், கறவைப் பசுவையல்லவா காப்பாற்றியிருக்கிறோம்! இது இரட்டைப் புண்ணியம்!" என்றார். சனம் "சாது, சாது" என்றது. போட்டோக்காரன் முன்னால் ஓடிவந்தான்.

பஞ்சவர்ணத்துக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மைக்கைப் பிடுங்கினாள். பஜாரில் பேசிப் பழகிய சிங்களத்தில், மூச்சு விடாமல் சொன்னாள். இந்த மாட்டுக்குப் போன வருஷமே இதே பந்தலில் விடுதலை கொடுத்தாயிற்று. இதன் கன்று மூன்று மைல் மேலே ஒரு லயத்தில் மூன்று நாளாகக் கத்துகிறது. இதை வளர்த்தவளிடம் ஊசி போடுவதாகச் சொல்லிப் பிடித்து வந்துவிட்டு, அவளையே கள்ளி என்று பொலிஸுக்கு எழுதியிருக்கிறார்கள். "அதுல நானும் கையெழுத்துப் போட்டேன். தோட்டத்துக்கு நானே கொண்டுபோய்க் குடுத்தேன். கன்னு கத்துனது என் காதுலயும் விழுந்திச்சு."

"ஒரு சின்னத் தப்பபிப்பிராயம்..." என்று ராமச்சந்திரன் தொடங்கினார். கல் முதலாளி அவரைப் பார்க்கவே இல்லை. காத்தமுத்துவைக் கூப்பிட்டு, மாட்டை எங்கேயிருந்து ஏற்றினாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். காத்தமுத்து தலையைக் குனிந்தான். பெரியவர் மாலையை மாட்டின் கழுத்திலிருந்து எடுத்தார். "என் அம்மாவின் பேரைச் சொல்லியா இதைச் செய்தாய்?" என்று ராமச்சந்திரனிடம் கேட்டுவிட்டு, கயிற்றைப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தார்.

இதோடு ராமச்சந்திரனின் தலைவர் பதவி போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? நல்லா போச்சு! மூன்று மாசம் கழித்து நடந்த கூட்டத்தில் அவரையே மறுபடி தெரிந்தெடுத்தார்கள். பஜாரில் பாதிப் பேர் அவர் கடையில் கடன். பஞ்சவர்ணமும் விலகவில்லை. "நான் வெலகினா அந்தாளுக்குத்தானே கொண்டாட்டம்" என்று சொல்லி, ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்கு நேர் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பந்தலிலிருந்து மாட்டை மூன்று மைலும் அவளே நடத்திக்கொண்டு போனாள். லயத்துக்கு முன்னாலேயே மாடு கயிற்றை அறுக்கிற மாதிரி இழுத்தது. கன்று முட்டி முட்டிக் குடித்ததை மருதாயி பார்த்துக்கொண்டு நின்றாள். பஞ்சவர்ணத்தைப் பார்க்கவில்லை.

"மருதாயி, நான் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிட்டுத்தான் வர்றேன். தெரியாமப் பேசிட்டேன்."

"தெரியாமப் பேசுறது தப்பில்லைங்க. நான் சொல்லச் சொல்லக் கேக்காமப் பேசினீங்க." மருதாயி கன்றின் முதுகைத் தடவினாள். "இங்க ரெண்டு பேருக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொல்லி என்னங்க பண்ண? ரெண்டு நாளா எம்மூஞ்சியில ஒருத்தரும் முழிக்கல. பெரட்டுக்கு வாங்க. அங்க சொல்லுங்க."

வெசாக்குக்கு மறுநாளும் லீவு. புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பஞ்சவர்ணம் பிரட்டுக் களத்தில் நின்றாள். வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடம் அது. கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக நூற்றைம்பது பேர் வரிசையில் நின்றார்கள். கடைசி வரிசையில் மருதாயி, அவளும் கூடையோடு. கணக்கப்பிள்ளை பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மருதாயி... மாட்டை விக்கல" என்றாள். பஜார் முழுக்கக் கேட்கிற அந்தக் குரல் முன்வரிசைக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க மொதலாளியம்மா!" பின்னாலிருந்து மருதாயியின் குரல் வந்தது. "அன்னிக்கு நாலு லயத்துக்கும் கேட்டிச்சே!"

பஞ்சவர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினாள். "மருதாயி மாட்டை விக்கல! அவ சொன்னதுதான் உண்மை! பொய்யை நம்பினது நான்! பெரிய மனுசன் சொன்னான்னு நம்பினேன், லயத்துக்காரி சொன்னான்னு நம்பல!"

மருதாயி வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பஞ்சவர்ணத்தைத் தாண்டிப் போய்க் கணக்கப்பிள்ளையின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"இப்ப எம்பேரைக் கூப்பிடுங்க" என்றாள்.