புயலின் கண்ணும் என் வீட்டுத் தொலைபேசியும்

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவுக்குள் நுழைந்தபோது என் தம்பி மயாமிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தான். பூச்செடி வளர்க்கும் பண்ணையில் வேலை, தனியாள். நான் லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருந்தேன். எங்காவது வடக்குப் பக்கம் போய்விடு என்று முதல்நாளே தொலைபேசியில் கெஞ்சிப் பார்த்தேன்.

"காத்துத்தானே அக்கா, குண்டே விழப்போகுது?" என்றான்.

யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குத் தப்பியவர்களுக்கு இப்படியொரு திமிர் வந்துவிடுகிறது. இனி வேறெதுவும் தங்களைக் கொல்லாது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் தொலைக்காட்சியில் கூரையில்லாத வீடுகளை வரிசை வரிசையாகக் காட்டினார்கள். அவனுடைய ஊரின் பெயரையும் சொன்னார்கள். அவன் எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தால் எந்தச் சத்தமும் இல்லை. உயிரோடு இருந்தால் இனி அவன்தான் எடுக்க வேண்டும்.

அப்போதுதான் எங்கள் சனம் தொடங்கியது. ஒரு வீட்டில் ஒன்று நடந்தால் உடனே விசாரிக்க வேண்டும். விசாரிக்காவிட்டால் பத்து வருடம் கழித்துக் கலியாணவீட்டில் வைத்துச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் லண்டனிலேயே மிச்சம் என்ற இடத்திலிருந்து சித்தி, பிளேஸ்டோவிலிருந்து மாமி, கனடாவிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணை என்று மாறி மாறி எடுத்தார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் தம்பி என்று ஓடினேன். "ஏதும் அறிஞ்சனியே பிள்ளை?" என்று கேட்டுவிட்டுச் சித்தி தன் முழங்கால் வலிக்குப் போய்விடுவார்.

அடுத்த நாளும் அதே முழங்கால் வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"லைனை விடுங்கோ சித்தி. தம்பி எடுத்தால் எப்பிடிக் கிடைக்கும்?" என்று கத்திவிட்டு வைத்தேன்.

பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்திருந்த என் கணவர், "சனம் அன்பிலைதானேயப்பா எடுக்குது," என்றார்.

"அன்பு காணும், போதும். எனக்கு லைன்தான் வேணும்."

அவர் தேநீர் போடப் போய்விட்டார். சண்டை வரும்போலிருந்தால் அவருக்கு உடனே தேநீர் தேவைப்படும்.

கடைசியில் ஒரு பின்னேரம் அந்தக் குரல் வந்தது.

"அக்கா, ஆரோடை இவ்வளவு நேரமாய்க் கதைச்சுக்கொண்டிருக்கிறியள்? இஞ்சை லொறியிலை போன் கொண்டுவந்து வைச்சிருக்கிறாங்கள். எத்தினை தரம் வரிசையிலை நிண்டிட்டன், உங்கடை லைன் எப்பவும் எங்கேஜ்."

அழுதுகொண்டே அவனை ஏசினேன். அவன் சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னான். வீட்டுக் கூரை போய்விட்டது. அவனும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவியும் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்தபடி குளியலறைக்குள் இருந்திருக்கிறார்கள். நடுவில் காற்று சட்டென்று நின்றது. எல்லாம் முடிந்தது என்று கிழவி எழும்பித் தன் பூனையைத் தேடப் புறப்பட்டார். இவன் கதவில் முதுகைக் கொடுத்து, விடமாட்டேன் என்று நின்றுவிட்டான். புயலின் கண், காற்றடிக்காத அந்த நடுப்பகுதி, தங்கள் தலைக்கு மேலே நிற்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

"பிறகு உனக்கெப்பிடியடா தெரிஞ்சது?"

"எனக்கு ஒண்டும் தெரியாதக்கா. ஊரிலை ஹெலிகொப்டர் சத்தம் நிண்டவுடனை ஆர் பங்கரை விட்டு வெளியிலை வாறது? அது சுத்தித் திரும்பி வந்து அடிக்குமெல்லே."

காற்றும் அப்படித்தான் மற்றப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. வெளியே போயிருந்தால் கிழவி இல்லை. பூனை பிறகு தானாகவே வந்து சேர்ந்ததாம்.

அந்தப் பதுங்குகுழிகளைப் பற்றி அதுவரை நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அங்கே பிடித்த பயம் கடலுக்கு அப்பால் இரண்டு உயிரைக் காப்பாற்றியது என்று கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தொலைபேசியை வைத்த கையோடு மணி அடித்தது. சித்தி.

"லைனைப் பிடிச்சு வைக்கேல்லைப் பிள்ளை, உடனை விடுறன். ஏதும்..." என்று தயங்கினார்.

"விடாதேங்கோ சித்தி. முழுக்கச் சொல்லுறன், இருந்து கேளுங்கோ."

எல்லாம் சொல்லி முடித்தபிறகு, முழங்கால் எப்படி இருக்கிறது என்று நானே கேட்டேன்.