அம்மாவிடமிருந்து வந்த முகம்

எங்கள் வீட்டு டிவிக்கு மேல் மாட்டியிருக்கும் போட்டோவில் தெரிவது யாருடைய துக்கம்? என்னுடையதா, அம்மாவுடையதா? இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

போட்டோவில் நான் ஏழு வயதுப் பெண். கன்னத்தில் கண்ணீர் இறங்கிய தடம். பின்னால் உப்புக் குவியல்கள் மங்கலாகத் தெரிகின்றன. ஓரத்தில் ஒரு பெண்ணின் கை, முழங்கை வரைக்கும். அது அம்மாவின் கை. அவள் முகம் போட்டோவுக்கு வெளியே போய்விட்டது. நான் அழுதபடி பார்த்துக்கொண்டிருப்பது அந்த முகத்தைத்தான்.

மரக்காணம் உப்பளத்தில் அம்மா உப்பு வாரும் வேலை செய்தாள். பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் இழுத்து, கூடையில் அள்ளி, தலையில் சுமந்து, வரப்பு வழியாக மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கோடை விடுமுறையில் அங்கே சினிமா எடுக்க வந்தார்கள். வேலை செய்யும் பெண்கள் பின்னால் நடந்துபோனால் போதும் என்றார்கள். ஆனால் அன்று காலை முழுவதும் டைரக்டருக்கு ஒரே குறை. எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரே மாதிரி முகத்தோடு நடக்கிறார்களாம். உப்பின் மேல் பட்டு எகிறும் வெளிச்சத்தில் கண்ணை முழுதாகத் திறந்து நடக்க யாரால் முடியும்? அங்கே சிரிக்கிறவளுக்கும் சண்டை போடுகிறவளுக்கும் முகம் ஒன்றுதான்.

"நம்ம மூஞ்சியக் காட்டுனா, வெயில் ஜாஸ்தியா இருக்குதுன்னு தியேட்டர்காரன் இன்னொரு ஃபேன் போட்டுடுவான்" என்றாள் அம்மாவோடு கூடை தூக்கும் ஒரு அத்தை.

"போடட்டும்டி. இங்கதான் இல்ல, அங்கயாவது காத்து வாங்கலாம்" என்றாள் அம்மா.

அப்பாவைப் பறிகொடுத்த ஒரு சிறுமி வரப்பில் நின்று பார்க்கிற மாதிரி ஒரு காட்சி. அதற்காகச் சென்னையிலிருந்து கூட்டிவந்த பெண்ணுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோன என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கண்ணில் கிளிசரின் போட்டார்கள். கண்ணீர் கொட்டியது, முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. மூன்று தடவை எடுத்தும் அப்படித்தான். கடைசியில் அசிஸ்டென்ட் டைரக்டர் அம்மாவிடம் வந்தார்.

"நீங்க கொஞ்ச நேரம் அந்த லாரிக்குப் பின்னாடி போய் நில்லுங்கம்மா. அம்மா உன்ன விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு பாப்பாகிட்ட சொல்றோம். அப்பதான் முகம் வரும்."

"பொய் சொல்லிப் புள்ளய அழுவ வெக்காதீங்க சார். கண்ணு எரிஞ்சா மூஞ்சி தானா வரும். நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

குனிந்து பாத்தித் தண்ணீரில் விரலை நனைத்தாள். "ஒன்னும் இல்லடி, கொஞ்சமாத்தான் எரியும்" என்று என் இமை ஓரத்தில் தடவினாள். உப்பாக இறுகப்போகிற தண்ணீர் அது. கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு கரிப்பது. வெடித்துக் காய்ந்த அவள் விரல்களுக்கு அது பழகிப்போயிருந்தது. ஒரு குழந்தையின் கண்ணில் பட்டால் எப்படி இருக்கும் என்று அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றவில்லை. என்னை ஏமாற்றக் கூடாது என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது என்று நினைக்கிறேன். நான் அலறிவிட்டேன். டைரக்டர் பார்த்துவிட்டு, "இது எரிச்சல்மா. எனக்கு வேண்டியது இது இல்ல" என்றார். யாரோ நல்ல தண்ணீர் ஊற்றி என் கண்ணைக் கழுவினார்கள். கழுவிக் கழுவி எரிச்சல் அடங்கிய பிறகு கண்ணைத் திறந்தேன். எதிரே அம்மா நின்றிருந்தாள்.

எப்போதும் வெயிலில் இடுங்கியிருக்கும் அந்த முகம் அன்று முழுதாகத் திறந்திருந்தது. என்னைத் தொட நீண்ட கை பாதியில் நின்றுவிட்டது. அந்தக் கையில்தானே உப்பு இருந்தது. அவள் அழவில்லை. அம்மாவை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பார்க்கப் பார்க்க என் முகமும் அது மாதிரியே ஆனது. எரிச்சல் போன பிறகு புதிதாகக் கண்ணீர் வந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. படக்குழுவில் போட்டோ எடுப்பவரும் அப்போதுதான் இந்தப் போட்டோவை எடுத்திருக்கிறார்.

திண்டிவனத்தில் ஒரு தியேட்டரில் படம் பார்த்தோம். முதலில் வெள்ளைத் துணி மூடிய உடலைக் காட்டினார்கள். அடுத்து என் முகம். பின்னால் இருந்த பெண், "அப்பன் செத்த புள்ள மாதிரியே நடிக்குதே" என்று மூக்கை உறிஞ்சினாள். நான் எதையும் முழுதாகப் பார்க்கவில்லை. என் முகம் வந்ததுமே அம்மா கையால் என் கண்ணை மூடிவிட்டாள். அந்தக் கையில் சோப்பு வாசனை அடித்தது.

அதன் பிறகு கை கழுவாமல் அவள் என் முகத்தைத் தொட்டதே இல்லை. என் கல்யாணத்தன்று பொட்டு வைக்கப்போனவள், பாதியில் எழுந்து குழாயடிக்குப் போனாள். "எத்தினி வாட்டிதான் கழுவுவ? நேரம் ஆவுது" என்று சொந்தக்காரர்கள் சத்தம் போட்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை. பேசியிருக்க வேண்டும். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது.

படம் பார்க்கும்போதெல்லாம் நான் முகங்களைத்தான் பார்க்கிறேன். கூத்தில் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று முகத்தைப் பெரிதாக அசைப்பார்கள். சினிமாவில் கேமரா மூச்சுப் படும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே முகத்தை வைத்து எதுவும் செய்ய வேண்டியதில்லை, எதிரில் இருப்பதை உண்மையாகப் பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது. நல்ல நடிகர்களுக்கு எதிரில் இல்லாததையும் பார்க்கத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. எனக்கு எதிரில் அம்மா வேண்டியிருந்தது. ஒரே ஒரு காட்சியில் நின்றவள் இதையெல்லாம் சொல்லலாமா என்றும் யோசிக்கிறேன்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் மகளுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். போன மாதம் அவளுடைய மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா ஏங்க எப்பவும் மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சிக்கினு இருக்கா? வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை. எனக்குக் களைப்பு, அவ்வளவுதான். இ-சேவை மையத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க மற்றவர்களைக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்து, "சிரிக்காதீங்க, நேராப் பாருங்க" என்று சொல்கிறேன். அதே முகத்தோடு வீட்டுக்குத் திரும்பி, அதைத்தான் அவளும் பார்த்துப் பழகுகிறாளோ என்னவோ.

அன்றிலிருந்து ஸ்கூல் வாசல் குழாயில் முகம் கழுவி, கொஞ்சம் சிரிப்பை வரவழைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன். அம்மா கையைக் கழுவினாள். நான் முகத்தைக் கழுவுகிறேன். மூன்றாம் நாளே மகள் நிமிர்ந்து பார்த்து, "எதுக்கும்மா சிரிக்கிற?" என்று கேட்டாள். அவள் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

இதற்கு நடுவில்தான், புதுச்சேரியில் படிக்கும் தம்பி ஒருவர் உப்பளத்தில் குறும்படம் எடுக்க இடம் பார்க்க வந்தார். என் கணவருக்குத் தெரிந்தவர். வீட்டுக்கு வந்தவர் மகளைப் பார்த்ததும், "அக்கா, இந்த முகம்தான் எனக்கு வேணும். பாப்பா நடிக்கவே வேணாம். சும்மா இப்படியே நின்னா போதும், அவ்ளோ சோகம் இருக்குது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

"ரெண்டு நிமிஷம்தான வரப் போறா. இதுக்குப் போய் இன்னா யோசன?" என்கிறார் கணவர். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். யாரும் அவள் கண்ணில் எதையும் தடவப் போவதில்லை. ஆனால் அந்த முகம் அவளிடம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டு வீணாகக் கவலைப்படுகிறேனா?

நேற்று அவள் நாற்காலியில் ஏறி நின்று, போட்டோவில் விரலை வைத்து, "இது யாரு கை?" என்றாள்.

"ஆயா கை."

"ஆயா மூஞ்சி எங்க?"

போட்டோவில் இல்லை என்றேன். அவள் போட்டோவை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் எந்த முகத்தை எடுத்து வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சித்திரையில் படம் எடுக்கிறார்களாம். அதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். அவளை அங்கே நிறுத்தலாமா? அதைவிடவும் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. களைத்துப்போன முகத்தைப் பிள்ளையிடம் அப்படியே காட்டிவிடுவது நல்லதா, கழுவி மறைப்பது நல்லதா? நீங்கள் உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள்.