ரோட்டுத் தூசியை அடக்கப் போனேன்

ஊரில் போகிற வண்டியெல்லாம் தூசி கிளப்பும், திட்டு மட்டும் எனக்கு வரும். ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிற காண்ட்ராக்ட் என்றால் அதுதான். ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் பஸ்ஸும் லாரியும் பெருகி, கடைவீதியில் ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். தூசியை அடக்க முனிசிபாலிட்டியில் ஏலம் விட்டார்கள். மணப்பாறை மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசி வளர்ந்தவன் நான், விடுவேனா? இருந்த நிலத்தை விற்றுப் பழைய லாரி வாங்கினேன். மேலே டேங்க், பின்னால் ஓட்டை போட்ட குழாய். தூசி என்று புகார் வலுத்தால் காண்ட்ராக்ட் ரத்து. அப்புறம் நிலமும் இல்லை, பிழைப்பும் இல்லை. சர்க்கார் வேலை எடுத்து நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பாலக்கரையில் முதல் நாள்

உய்யக்கொண்டான் வாய்க்காலில் டேங்கை நிரப்பிக்கொண்டு பாலக்கரைப் பக்கம் திரும்பிக் குழாயைத் திறந்தேன். பின்னால் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், பெண்கள் குடத்தோடு லாரியைத் துரத்தி வருகிறார்கள்! ரோட்டில் சொட்டு விழவில்லை, எல்லாம் குடத்தில் விழுகிறது.

குதித்து இறங்கிக் கத்தினேன். "இது வாய்க்கால் தண்ணிம்மா! ரோட்டுக்கு வந்தது! ஆளுக்கு ஒரு குடத்தோட விடுங்க!" முன்னால் நின்ற அம்மாள் குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "தெருவுல தூசின்னதும் லாரி அனுப்புறாங்க. எங்க வீட்டுப் பானை காஞ்சு கெடக்கே, அதுக்கு என்னத்த அனுப்புனாங்க? தள்ளி நில்லுங்கண்ணே."

ஸ்ரீரங்கத்தில் மடி

ஸ்ரீரங்கத்து வீதி வேலையும் கிடைத்தது. காவேரியில் குளித்து, ஈர வேட்டியோடு, யார் மேலும் படாமல் மடியாகத் தீர்த்தக்குடம் ஏந்தி வந்த ஓர் ஐயங்கார் மேல் சாரல் பட்டுவிட்டது. "காவேரித் தண்ணிதான் சாமி" என்றேன். "குழாய்ல தோல் வாஷர் போட்டிருக்கேளா?" என்றார். ஆமாம் என்றதுதான் தாமதம், தோல் பட்ட தண்ணீர் தீட்டு என்று குடத்துத் தீர்த்தத்தை அப்படியே கொட்டிவிட்டு மறுபடி குளிக்கத் திரும்பினார்.

மறுநாள் வீதியே லாரியை மறித்தது. நானும் விடவில்லை, வாய்க்கு வாய் பேசியதில் ரப்பர் வாஷர் மாட்டுவதாகப் பேரம் படிந்தது. அடுத்த புகார் எப்போது வருமோ என்று பயந்துகொண்டே போனால், அந்த ஐயங்காரின் மனைவி கோலப்பொடியோடு கைதட்டிக் கூப்பிட்டார்: "ரப்பர்தானே, தோஷமில்லே. நாளைலேருந்து விடியக்காலம் வந்து எங்காத்து வாசலையும் சேர்த்துத் தெளிச்சுடுங்கோ, கோலம் போட சௌகர்யமா இருக்கும்."

ஜவுளிக்காரர் வேட்டி

பெரிய கடைவீதி ஜவுளிக்காரர் ஒருவர், துணியெல்லாம் பழுப்பேறுகிறது என்று மனு மேல் மனு போட்டார். சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து ஒரு சோதனை வைத்தார். கடை வாசலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் காலையிலிருந்து கட்டித் தொங்கவிட வேண்டும். சாயந்திரம் அதில் தூசி இருந்தால் காண்ட்ராக்ட் ரத்து. நிலம் விற்றவன் சும்மா இருப்பேனா? அன்று பூராவும் நானே லாரியை ஓட்டி, அந்த வீதியிலேயே போவதும் வருவதுமாகத் தெளித்துத் தள்ளினேன்.

சாயந்திரம் வேட்டியை அவிழ்த்தார்கள். மண்ணின் நிறமே இல்லை. ஒரு பக்கம் முழுக்கக் கரி! போகவர என் லாரி கக்கிய டீசல் புகை. "பாருங்க சார், துணி நாசம்! இந்தாளைத் துரத்துங்க!" என்று குதித்தார் ஜவுளிக்காரர். எவனிடமும் பணிந்து பழகாத நான் கும்பிடக் கையைத் தூக்கினேன். இன்ஸ்பெக்டர் வேட்டியைத் தேய்த்தார், விரலை முகர்ந்தார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது: "தூசி இல்லீங்க, இது புகை. புகைய யாரும் பாக்கச் சொல்லல. காண்ட்ராக்டரே, நாளைக்கும் இதே மாதிரி தெளிச்சுடுங்க."

தூசியை அடக்கத்தான் சம்பளம் வாங்கினேன், ஊருக்குப் புகை போட்டதெல்லாம் என் இனாம்.