துணி துவைக்கும் அறையில் ஒரு பலகை

லூக்கே நகரத்து இறைச்சித் தொழிற்சாலையில், பொதி கட்டும் பிரிவில், பதினான்கு ஆண்டுகளாக நின்றபடியே வேலை செய்பவள் சுனில்டா. உள்ளே கோடையிலும் குளிர்தான். விரல்கள் மரத்துப்போகாமல் இருக்க, ஓடும் பெல்ட்டில் இறைச்சித் துண்டு வராத நேரமெல்லாம் கையுறைக்குள் கட்டைவிரல்களை ஆட்டிக்கொண்டே இருப்பாள். அந்தப் பழக்கம்தான் காரணமோ என்னவோ, முப்பத்தொன்பது வயதில் முதன்முதலாக வீடியோ கேம் பெட்டியின் முன் உட்கார்ந்தவளை, இரண்டே மாதத்தில் அந்தத் தெருவில் யாராலும் வெல்ல முடியவில்லை. இதைப் பெரிய திறமை என்று சொல்லிவிட முடியாது. தோற்பதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பெட்டியை வாங்கியவளும் அவள்தான். டிசம்பரில் போனஸாகக் கிடைக்கும் பதின்மூன்றாம் மாதச் சம்பளத்தை எடுத்துக்கொண்டு எல்லை ஊருக்குப் பேருந்து ஏறினாள். திரும்பி வரும்போது, மேலே சாமான் தட்டில் வைத்தால் உடைந்துவிடும் என்று ஐந்து மணி நேரம் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் ஆட்டம் தொடங்கும். எரிவாயு உருளை வண்டி ஓட்டும் அவள் கணவன் டெர்லிஸ், அவன் தம்பி எவுலாலியோ, பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் போர்ஃபிரியோ, அப்புறம் அவள். கால்பந்து ஆட்டம். தோற்றவர் கன்ட்ரோலரை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து, அடுத்த ஆள் தோற்கும் வரை எல்லாருக்கும் தெரெரே ஊற்ற வேண்டும். மூலிகை இடித்துப் போட்ட ஐஸ் தண்ணீர், ஒரே மாட்டுக்கொம்புக் குவளை, ஒரே உறிஞ்சுகுழல், வரிசையாகச் சுற்றி வரும். மற்ற வீடுகளில் வயதில் சின்னவர் ஊற்றுவார். இந்த வீட்டில் தோற்றவர் ஊற்ற வேண்டும் என்று விதி போட்டவன் டெர்லிஸ். அப்போது சுனில்டாவுக்கு எந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியாது. பிப்ரவரிக்குப் பிறகு அவள் ஒருமுறைகூட ஊற்றவில்லை.

ஒரு புதன்கிழமை, மரவள்ளிக்கிழங்கைக் குழம்பில் தொட்டுக்கொண்டே டெர்லிஸ் பேச்சை எடுத்தான்.

"என்கூட வண்டி ஓட்டுற இசாசியோ திங்கக்கிழமை எல்லைக்குப் போறான். இன்னொரு கேம் பெட்டி வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

"இருக்கிற பெட்டிக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல. உனக்குன்னு தனியா ஒண்ணு இருக்கட்டுமேன்னு பார்த்தேன். துணி துவைக்கிற ரூம்ல வச்சுக்கோ. பழைய டிவி சும்மாதானே கிடக்கு. எங்க சத்தம் இருக்காது, சிகரெட் நாத்தம் இருக்காது. நிம்மதியா ஆடலாம்."

"யோசிச்சுச் சொல்றேன்."

உண்மையிலேயே யோசித்தாள். மறுநாள் பெல்ட் முன்னால் நின்றுகொண்டு நினைக்க நினைக்க அது அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது. இந்த வீட்டில் அவளுக்கென்று தனியாக இருந்தது ஒரு பல்துலக்கிதான். பக்கத்தில் நிற்கும் நிமியாவிடம் சொன்னாள்.

"என் வீட்டுக்காரன் எனக்குன்னு வாங்கிக் குடுத்தது இஸ்திரிப் பெட்டி ஒண்ணுதான்," என்றாள் நிமியா. "வேணாம்னு சொல்லித் தொலைச்சுடாத. ஆமா, அந்த ரூம்ல உன்கூட யாரு ஆடுவா?"

"பெட்டியே ஆடும். அதுக்கு ஆள் வேணாம்."

"அப்ப ஜெயிச்சா யாருகிட்ட சொல்லுவ? வாஷிங் மெஷின்கிட்டயா?"

சுனில்டா சிரித்தாள். பிறகு அடுத்த துண்டைக் கட்டினாள். பெட்டியைத் தோற்கடிக்கலாம், ஆனால் தோற்றோம் என்று அதற்குத் தெரியாது. எதிரே ஒரு ஆள் நெளியாத வெற்றி, யாருமில்லாத அறையில் சொன்ன வணக்கம் மாதிரி. இருந்தாலும் வேண்டாம் என்று அவள் முடிவு செய்துவிடவில்லை. சனிக்கிழமை கூடத்திலும் மற்ற நாட்களில் துணி துவைக்கும் பின்னறையிலும் ஆடலாமே என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, ரத்தக்கறை பட்ட மேலங்கியை ஊறப்போடப் பின்னறைக்குப் போனாள். விளக்கைப் போட்டதும் நின்றுவிட்டாள்.

சுவரில் டிவி வைக்கப் புதுப் பலகை. கீழே புது பிளக் பாயிண்ட், திருகுகளைச் சுற்றி இன்னும் சுண்ணாம்புத் தூள். எதிரே மடக்கு நாற்காலி. உட்கார்ந்து பார்த்தாள். பலகை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. டெர்லிஸுக்கு இது தாழ்வு, எவுலாலியோவுக்கு இன்னும் தாழ்வு. அவள் உட்கார்ந்திருக்கும் உயரத்தை யாரோ அளந்திருக்கிறார்கள். யாரோ என்ன, டெர்லிஸ்தான். போன வாரம் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் டேப்போடு நின்றபோது, திரைச்சீலைக்கு அளவு என்றான்.

அக்கறையில்லாமல் செய்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவள் கழுத்து வலிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான். அவளைக் கூடத்தைவிட்டு வெளியேற்றுவதற்கு முன் கழுத்தைப் பற்றி நினைத்திருக்கிறான். நல்ல மனசோடு செய்யப்படும் அவமதிப்புக்கு எதிராக வாயைத் திறந்தால் நன்றி கெட்டவள் என்று பெயர் வரும். அதைக் கணக்குப் போட்டுத்தான் மனிதர்கள் நல்லவர்களாக இருக்கிறார்களோ என்று தோன்றியது. மேலங்கியை ஊறப்போட மறந்து வெளியே வந்தாள்.

சனிக்கிழமை மூவரும் வந்து உட்காரும்வரை பொறுத்திருந்தாள்.

"அந்தப் பலகைய யாரு அடிச்சது?"

போர்ஃபிரியோ குவளையைப் பார்த்தான். "வயரிங் மட்டும்தான் நான்."

"இன்னும் நான் சரின்னே சொல்லலியே."

"சரின்னுதான் சொல்லுவன்னு நினைச்சோம்," என்றான் டெர்லிஸ். "உனக்காகத்தானே சுனி."

"எனக்காகன்னா என்கிட்ட கேட்டிருப்ப. நாலு மாசமா உனக்குக் கை வலிக்குது, தண்ணி ஊத்தி ஊத்தி. அதுக்காக என்னை சோப்புத்தூள் பக்கத்துல உக்கார வைக்கப் பார்க்கிற. பெட்டி யாரோடது?"

டெர்லிஸ் கன்ட்ரோலரைச் சட்டையில் துடைத்தான்.

"மடியில வச்சுத் தூக்கிட்டு வந்தது யாரு?"

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டுமா," என்றான் எவுலாலியோ. "நீங்க ஜெயிக்கிறது பிரச்சனை இல்ல. அண்ணன் ஜெயிச்சா என்னைக் கழுதைன்னு திட்டுவான், நானும் அவனைத் திட்டுவேன், தோத்தது மறந்துபோகும். நீங்க ஜெயிச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம அடுத்த ஆளைப் பார்க்கிறீங்க. டோக்கன் கூப்பிடுற மாதிரி இருக்கு."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அது அவள் கோபத்தை இன்னும் கூட்டியது. வாரத்தில் ஐந்து நாள் பெல்ட் முன்னால் அப்படித்தான் நிற்கிறாள். வந்ததைக் கட்டு, அடுத்ததைப் பார். அதை வாய்விட்டுச் சொல்ல ஒருவனுக்கும் இத்தனை நாள் துணிவில்லை. பலகை அடிக்க மட்டும் துணிவு இருந்திருக்கிறது.

"திட்டணுமா? சரி, உக்காருங்க."

முதலில் எவுலாலியோ. நாலு கோல். "உன் கோல்கீப்பர் உன்னை மாதிரியேதான், பந்து போனப்புறம் எந்திரிக்கிறான்," என்றாள். டெர்லிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்து போர்ஃபிரியோ. "வயரிங் மட்டும் நல்லா பண்ணத் தெரியுது உனக்கு, அதுவும் அடுத்தவன் வீட்டுல, கேக்காம." இதற்குச் சிரிப்பு குறைந்தது. கடைசியில் டெர்லிஸ். ஐந்தாவது கோலுக்குப் பிறகு அவள் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்: "டேப் வச்சு அளக்கத் தெரிஞ்சவனுக்கு, பொண்டாட்டி இந்த வீட்டுல எவ்வளவு இடம் அடைக்கிறாள்னு அளக்கத் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. டெர்லிஸ் கன்ட்ரோலரை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தான்.

"இசாசியோகிட்ட என்ன சொல்ல?"

"ஒண்ணும் வாங்க வேணாம்னு சொல்லு. தனியா இருக்கணும்னு எவனுக்காவது ஆசையா இருந்தா, ரூம் காலியாத்தான் இருக்கு. நாற்காலியும் போட்டிருக்கு."

அவன் ஐஸ் தண்ணீர் ஊற்றி முதல் குவளையை அவளிடம் நீட்டினான். திரும்பிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது பெட்டி வரவில்லை. பலகை அப்படியே இருக்கிறது. அதில் சோப்புத்தூளும் துணிக் கவ்விகளும். கழற்றிவிடட்டுமா என்று டெர்லிஸ் இரண்டு முறை கேட்டான். வேண்டாம், இருக்கட்டும், என்றாள். ஒவ்வொரு வெள்ளியும் மேலங்கியைக் குனிந்து ஊறப்போடும்போது அது கண்ணுக்கு நேராக வருகிறது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வேண்டிய கோபத்துக்கு அது போதுமானதாக இருக்கிறது.