வாத்துக்கடைப் பாட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் பாடிப் பகுதியில் லேத் பட்டறை போட்டேன், வேப்பம்பட்டில் மாடி வீடு கட்டினேன், இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கினேன். 'இவனெல்லாம் எங்கே உருப்படப் போகிறான்' என்ற உறவுக்காரர்கள் என் புதுமனை விருந்தில் உட்கார்ந்து இன்னொரு தம்ளர் பாயசம் கேட்டார்கள். இதெல்லாம் ஊர் அறியும். ஊர் அறியாதது, நான் ஒரு பாட்டும் கட்டியிருக்கிறேன்.

போன வாரம் திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஜெனரேட்டர் ஓடியது. சூடேறிய வயரும் தூசியும் கலந்த அந்த வாசனை மூக்கில் பட்டதுதான் தாமதம், என் பழைய வீடியோ கேம் கடைக்குள் போய்விட்டேன்.

அதே ஊரில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு கறுப்பு வெள்ளை டிவி, ஒரு கேம் பெட்டி, ஒரே ஒரு கேசட். குடை பிடித்த கார்ட்டூன் வாத்து ஒன்று அதில் ஓடும். எங்கள் அப்பா காலத்துக் கொட்டகையிலேயே படத்துக்கு முன்னால் வந்து சிரிக்கவைத்த வாத்து அது. கடைக்கு வாத்துக்கடை என்றே பெயராகிவிட்டது. புதிதாகக் குடிவந்த ஓர் அம்மா தூக்குச்சட்டியோடு வந்து முட்டை கேட்டார்! சிரிக்காதீர்கள், பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.

விளையாட்டில் வாத்து ஒரு கோட்டைக்குள் நுழைந்தால் வரிசையாகக் கதவுகள். பச்சைக் கதவு வழிவிடும். சிவப்பைத் தொட்டால் வாத்து காலி. என் டிவியிலோ எல்லாக் கதவும் சாம்பல். விளையாட வரும் பையன்கள் கத்துவார்கள்:

"அண்ணாத்தே, எது பச்சைன்னே தெரில. உன் டிவியத் தூக்கி ஏரில போடு!"

"வாத்தோட போட்டா நீஞ்சிக்கினு வந்துடும், நைனா!" என்று சமாளிப்பேன்.

கலர் டிவிக்கு வக்கில்லை என்று பையன்களிடம் சொல்ல முடியுமா? காலையில் கடை திறக்கும் முன் தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு கதவாக முட்டினேன். எத்தனை வாத்தைக் கொன்றேனோ! வழி பிடிபட்டதும் அதைப் பாட்டாக்கினேன். கொல்லுப்பட்டறையில் இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சம்மட்டி அடிக்கும் தாளம்:

"ஒண்ணாங் கதவு வோணாங் கதவு,
ரெண்டாங் கதவு நம்ம கதவு,
மூணாங் கதவுல நாயி கீது,
நாலுல பூந்து நைசா ஓடு!"

அப்புறம் பையன்கள் திரையையே பார்ப்பதில்லை, பாடிக்கொண்டே ஓட்டினார்கள். பின்னால் கலர் டிவி வாங்கினேன். பச்சை பளிச்சென்று தெரிகிறது, அப்போதும் பாட்டை விடவில்லை. நானும்தான்.

கல்யாணத்துக்கு வருவோம். பந்தியில் எனக்கு எதிரே அந்தப் பையன்களில் மூன்று பேர், இப்போது நரைத்த தாடியோடு. ஒருவன் இலையில் தாளம் போட்டுப் பாட்டை ஆரம்பித்தான். என் நெஞ்சு நிமிர்ந்தது. முடித்துவிட்டுச் சொன்னான்:

"நம்ம சேகர் கட்னது மாமே இது. அப்பவே மூளை!"

சேகர் குவார்ட்டர்ஸ் பையன். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அவனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். மறுக்க வேண்டாமா? அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "எங்க வீட்லதானே அப்ப கலர் டிவி இருந்துச்சு, அதுலதானே பச்சை எதுன்னு தெரியும்" என்றான்.

"டேய், கேசட்டு என் கடைய உட்டு வெளிய போச்சாடா?" என்றேன்.

"அண்ணாத்தே சூடாவுறாரு, மோர் ஊத்துங்கப்பா!" என்று சிரித்தார்கள். அத்தோடு பேச்சு பைபாஸ் ரோட்டுக்குப் போய்விட்டது.

கை கழுவிவிட்டு அந்தச் சந்துக்கு நடந்தேன். கடை இருந்த இடத்தில் ஒரு அப்பார்ட்மெண்டின் கார் நிறுத்துமிடம். கேசட் எங்கே போனதென்று எனக்கே தெரியாது. கறுப்பு வெள்ளை டிவியைப் பழைய இரும்புக்காரன்கூட எடுப்பதில்லை. தோளோடு தோள் இடித்து ஒரு திரையைப் பார்த்த கூட்டமும் இல்லை, ஆளுக்கொரு போன்.

போனது போகட்டும். பட்டறையையும் வீட்டையும் என் பெயரில் பத்திரம் பண்ணியாயிற்று. பாட்டுக்குப் பத்திரம் கிடையாது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். இனி யாராவது அதைப் பாடினால் நிறுத்தச் சொல்லுங்கள். வாத்துக்கடைக்காரர் கட்டியது என்று சொன்ன பிறகு பாடட்டும். சேகரும்தான்.