கார்பத்தோஸ் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள்

"கார்பத்தோஸுக்கு எவ்வளவு தூரம் பொண்ணே?" என்று செவஸ்தி அக்கா கேட்டபோது, சீட்டு வாங்கத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. கிரேக்கத்தில், கார்பத்தோஸுக்கு எதிர்த் தீவான காசோஸின் விமான நிலையத்தில் நான் சீட்டு முகப்பில் உட்கார்ந்த முதல் வருடம் அது. எங்களுக்குப் பாலாடைக்கட்டி கொண்டுவந்து தருபவள் அவள். ஐம்பது வயதுவரை விமானம் ஏறியதில்லை.

"இருபது கிலோமீட்டர் சொச்சம்க்கா. மேல ஏறினா அஞ்சு நிமிஷம்."

"அஞ்சே நிமிஷமா? முழுசா பயந்து முடிக்கக்கூட நேரம் பத்தாதே."

"கப்பல்ல போங்களேன்."

"இந்தக் காத்துல கப்பல் எங்க வருது? ஞாயித்துக்கிழமை எர்னியா புள்ளைக்கு ஞானஸ்நானம். எர்னியா என் தங்கச்சி பொண்ணு, நான்தான் ஞானத்தாய்னு வாக்கு குடுத்திருக்கா. நான் போகலேன்னா அவ நாத்தனா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறா, புள்ளைய வாங்கிக்க."

"அப்போ சனிக்கிழமைக்குப் போடவா?"

"போடு. ஜன்னலோரம் வேணாம். கடல மேலேர்ந்து பாக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசையில்ல."

எங்கள் தீவில் யாரும் விமானத்துக்கு முன்கூட்டியே கிளம்புவதில்லை. கார்பத்தோஸில் அது எழும்புவது வீட்டு முற்றத்திலிருந்தே தெரியும். தெரிந்தபிறகுதான் பெட்டியைத் தூக்குவார்கள். அது இங்கே இறங்குவதற்கும் இவர்கள் வந்து சேர்வதற்கும் சரியாக இருக்கும். மேற்கே இருக்கும் கிரீட் தீவுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். கார்பத்தோஸுக்குப் போகிற விமானமோ எதிர்த்திசையில், கிரீட்டிலிருந்து வரும். அங்கே போக எல்லோரும் கப்பலையே நம்பியிருந்ததால் அதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

சனிக்கிழமை விமானம் இறங்கிவிட்டது. அக்காவைக் காணோம். தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"எங்கக்கா இருக்கீங்க?"

"முத்தத்துலதான். பாத்துப் பாத்து கண்ணே பூத்துப்போச்சு. அங்க இன்னும் கெளம்பலயே!"

"அக்கா, இங்க வந்து நிக்குது!"

"எந்த வழியா வந்துச்சு?"

"கிரீட்லேர்ந்து."

"அந்தப் பக்கம் எவ பாத்துக்கிட்டிருப்பா?" என்று கத்திவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

அவள் வீடு குன்றின் கிழக்குச் சரிவில். காற்றில் விமானத்தின் இரைச்சல் அந்தப் பக்கம் எட்டவேயில்லை. விமானியிடம் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்; அவரும் கொஞ்சம் பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. அவள் கூடையோடு வாசலில் நுழையும்போது சக்கரங்கள் தரையை விட்டுவிட்டன.

அவள் அழவில்லை. வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது கடலைத் தாண்டி எதிர்க்கரையில் தாழ்ந்து மறையும்வரை பார்த்தாள்.

"நீ சொன்னது சரிதான். அவ்வளவு நேரம்தான் ஆகுது," என்றாள்.

அடுத்த விமானம் திங்கட்கிழமை. எர்னியாவின் மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவனை வாங்கி, பெயர் சொல்லி, எண்ணெய் பூசியது செவஸ்தி அக்காதான், ஒரு நாள் தாமதமாக. பாதிரியார் சம்மதித்தார், நாத்தனார்தான் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எர்னியாவிடம் விஷயத்தைச் சொல்ல நான் தொலைபேசியை எடுத்ததும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தப்பான பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன்னு மட்டும் சொல்லிடாத கண்ணு, அந்த நாத்தனா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா. வழுக்கி விழுந்துட்டேன், கால் சுளுக்கிடுச்சுன்னு சொல்லு. ஆனா கையி ரெண்டும் நல்லாத்தான் இருக்குன்னு மறக்காம சொல்லிடு."